சக்கரத்துக்குள் ஏற்றும் எடை

ரேடியோ அலைகளின் கட்டளைக்கு இயங்கும் சிறு வண்டிகளைப் பொறுத்தவரை, எடை குறையக் குறைய நல்லது என்பது பொதுவான எண்ணம். தார்த் தளத்திலும் மண் தடத்திலும் விரைந்தோடும் பந்தய வண்டிகளுக்கு இந்த எண்ணம் பெரும்பாலும் பொருந்துகிறது. எஃகுத் திருகாணிகளைக் கழற்றிவிட்டு டைட்டானியத் திருகாணிகளைப் பூட்டிச் சில கிராம்களை மிச்சப்படுத்துபவர்கள் அங்கே உண்டு. ஆனால் கரடுமுரடான பாறைகளின்மீது அங்குலம் அங்குலமாக ஊர்ந்து ஏறுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட, கிராலர் என்று அழைக்கப்படும் வண்டிகளில் வழக்கம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. அவற்றின் முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் 100 கிராம், 150 கிராம் என்று ஈயமோ பித்தளையோ விரும்பி ஏற்றப்படுகிறது. மொத்தமே இரண்டரைக் கிலோ எடையுள்ள வண்டிக்கு இது சிறிய சுமையன்று. இந்தச் சுமை எப்படி ஏற்றத்துக்கு உதவுகிறது, எந்த அளவுக்கு உதவுகிறது, எங்கே உதவாமல் போகிறது என்பதைப் பள்ளிப் பாடத்தில் வரும் நிலையியலையும் உராய்வையும் கொண்டே விளக்கிவிட முடியும்.

கம்பியில்லாக் கட்டுப்பாட்டின் வரலாறு நீண்டது. நியூயார்க்கில் 1898-ஆம் ஆண்டு நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகைத் தொலைவிலிருந்து இயக்கிக் காட்டினார். கார் வடிவில் இந்தப் பொழுதுபோக்கு வீடுகளுக்குள் நுழைந்தது 1970-களில்தான். ஜப்பானின் டாமியா நிறுவனம் 1976-இல் வெளியிட்ட போர்ஷே 934 அதற்குப் பெரிதும் வழிவகுத்தது. பாறையேற்றத்தின் கதையில் அதே நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த கிளாட் பஸ்டர் என்ற பெருஞ்சக்கர வண்டிக்குத் தனி இடம் உண்டு. அதில் மோட்டார் வண்டியின் நடுவில் இல்லாமல், முன் அச்சின்மேல் ஒன்றும் பின் அச்சின்மேல் ஒன்றுமாக இரண்டு மோட்டார்கள் அமர்ந்திருந்தன. நான்கு சக்கரங்களும் திரும்பின. கனமான உறுப்புகள் அச்சுகளோடு சேர்ந்து தாழ்வாக அமைந்த இந்த ஏற்பாடு பாறையில் நன்றாகப் பற்றியதால், அந்த அச்சுகளை எடுத்துத் தாங்களே செய்த சட்டகங்களில் பூட்டிப் பலர் கிராலர்களை உருவாக்கினர். பின்னர் ஆக்சியல் நிறுவனத்தின் ஏ.எக்ஸ்.10 2007-இலும், டிராக்சாஸ் நிறுவனத்தின் டி.ஆர்.எக்ஸ்-4 2017-இலும் வந்தன. இன்று இத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவை உண்மையான ஜீப்பையோ சரக்கு வண்டியையோ பத்தில் ஒரு பங்காகக் குறைத்த உருவத்தில் இருக்கின்றன.

எடை எங்கே வைக்கப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, இந்தச் சக்கரத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்வது அவசியம். நிஜக் காரின் டயரில் அழுத்தப்பட்ட காற்று இருக்கிறது; கிராலரின் டயரில் அது இல்லை. டயருக்குள் வளையமாக வெட்டிய ஸ்பாஞ்சு ஒன்று செருகப்பட்டு, அதுவே டயரின் உருவத்தைத் தாங்குகிறது. உள்ளிருக்கும் சாதாரணக் காற்று தடையின்றி வெளியேறவும் திரும்பி வரவும் ரிம்மிலோ டயரிலோ சிறு துளைகள் விடப்படுகின்றன. பந்தய வண்டிகளில் டயரை ரிம்மோடு பசையால் ஒட்டிவிடுவார்கள். கிராலர்களிலோ டயரின் விளிம்பை இரு வளையங்களுக்கிடையே இறுக்கித் திருகாணிகளால் பூட்டும் பீட்லாக் ரிம்கள் பரவலாக உள்ளன. திருகாணிகளைக் கழற்றினால் டயர் கையோடு வந்துவிடுவதால், உள்ளே எடையைக் கூட்டுவதும் குறைப்பதும் எளிது. பத்தில் ஒரு பங்கு வண்டிகளில் பெரிதும் புழங்கும் ரிம் 1.9 அங்குலம், அதாவது சுமார் 48 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. அதன்மேல் ஏறும் டயரின் விட்டம் ஏறக்குறைய 120 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

இந்தச் சிறிய இடத்துக்குள் அதிக எடை அடங்க வேண்டும் என்பதால், பொருளின் அடர்த்தி முக்கியமாகிறது. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராமும், எஃகு சுமார் 7.8 கிராமும், பித்தளை சுமார் 8.5 கிராமும், ஈயம் 11.3 கிராமும், டங்ஸ்டன் 19.3 கிராமும் எடையுள்ளவை. கார் டயர் கடைகளில் வீல் பேலன்சிங் செய்யும்போது ரிம்மில் ஒட்டும் 5 கிராம், 10 கிராம் கட்டிகளை வாங்கி ரிம்மைச் சுற்றி வரிசையாக ஒட்டுவதே மிக மலிவான வழி. கடைந்தெடுத்த பித்தளை வளையங்கள் விலை கூடியவை; ஆனால் ரிம்மின் நடுவில் கச்சிதமாகப் பொருந்திக் கழன்றுவிடாமல் நிற்கும்.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைகளுள் அடி கனத்த சாய்ந்தாடும் வகை எவ்வளவு சாய்த்தாலும் நிமிர்ந்துகொள்வதற்குக் காரணம், அதன் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கருதக்கூடிய புள்ளியான ஈர்ப்பு மையம் மிகத் தாழ்வாக இருப்பதுதான். வண்டிக்கும் அதே நியதி பொருந்தும். ஒரு வண்டி பக்கவாட்டுச் சரிவில் நிற்கும்போது, ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழாக இறங்கும் கோடு தாழ்வான பக்கத்துச் சக்கரங்களின் தொடுபுள்ளிக்கு உட்புறமாக விழும்வரை வண்டி கவிழாது. கோடு அதைத் தாண்டிய கணத்தில் கவிழும். ஆகவே கவிழும் கோணத்தை இரண்டே அளவுகள் தீர்மானிக்கின்றன: இடப்பக்கச் சக்கரத்துக்கும் வலப்பக்கச் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரத்தின் பாதி ஒன்று, ஈர்ப்பு மையத்தின் உயரம் மற்றொன்று.

கணக்குக்காக ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளலாம். அதன் எடை 2,500 கிராம். சக்கரங்களுக்கிடையே அகலம் 220 மில்லிமீட்டர். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 90 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சக்கரத்தின் நடு, டயர் சற்று அமுங்கிய நிலையில், 55 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த வண்டி ஏறக்குறைய 50.7 பாகைச் சரிவில் பக்கவாட்டில் கவிழும். நான்கு சக்கரங்களிலும் தலா 100 கிராம் ஏற்றினால் ஈர்ப்பு மையம் 85 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வந்து நிற்கும். கவிழும் கோணம் 52.2 பாகையாகும். 400 கிராம் எடையைச் சுமந்து கிடைத்த ஆதாயம் ஒன்றரைப் பாகை மட்டுமே.

இதை வேறு இரண்டு மாற்றங்களோடு ஒப்பிடுவது நல்லது. அதே வண்டியின் மேற்கூரைப் பகுதியில், 180 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும் 100 கிராம் எடையை நீக்கிவிட்டால், அதாவது கெட்டியான பிளாஸ்டிக் உடலை மாற்றி மெல்லிய பாலிகார்பனேட் உடலைப் பூட்டினாலோ கூரைமேல் அழகுக்காக வைத்த பெட்டிகளையும் உதிரிச் சக்கரத்தையும் எடுத்துவிட்டாலோ, கவிழும் கோணம் 51.9 பாகைக்கு உயர்கிறது. மேலிருந்து எடுத்த 100 கிராம், கீழே ஏற்றிய 400 கிராமின் வேலையைக் கிட்டத்தட்டச் செய்துவிடுகிறது. சக்கரங்களைப் பக்கத்துக்கு 10 மில்லிமீட்டர் வெளியே தள்ளும் ரிம்மைப் பூட்டினால், ஒரு கிராம்கூடக் கூட்டாமலே கோணம் 53.1 பாகையாகிவிடுகிறது. பித்தளை வளையங்களுக்குப் பணம் செலவழிக்கும் முன் எவரும் இந்த எளிய கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பலர் அதைச் செய்வதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இவ்வாறானால் சக்கரத்தில் எடை ஏற்றுவது வீண் என்று தோன்றக்கூடும். பக்கவாட்டுச் சரிவை மட்டும் கருதினால் ஆதாயம் சிறியதுதான். நேர் ஏற்றத்தில் கதை மாறுகிறது. செங்குத்தான பாறையில் ஏறும்போது வண்டியின் எடை பின்சக்கரங்களின்மேல் சாய்கிறது, முன்சக்கரங்கள் தரையை அழுத்தும் விசை குறைந்துகொண்டே வருகிறது, ஒரு கட்டத்தில் அவை தூக்கிக்கொண்டு வண்டி மல்லாந்து விழுகிறது. மேலே எடுத்துக்கொண்ட வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 310 மில்லிமீட்டர் தூரம் இருப்பதாகவும், எடை இரண்டு அச்சுகளுக்கும் சரிபாதியாகப் பகிர்ந்திருப்பதாகவும் கொண்டால், 45 பாகை ஏற்றத்தில் நிற்கும்போது முன்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து பாறையை அழுத்தும் விசை சுமார் 370 கிராம் எடைக்குச் சமமாக இருக்கும். பின்சக்கரங்களின் அழுத்தமோ சுமார் 1,400 கிராம். முன்சக்கரங்களில் மட்டும் மொத்தம் 300 கிராம் ஏற்றினால் முன்பக்க அழுத்தம் 545 கிராமாகிறது. வண்டியின் எடை 12 விழுக்காடு கூடியிருக்க, முன்சக்கரத்தின் பிடிமானத்துக்கு ஆதாரமான அழுத்தம் ஏறக்குறைய 47 விழுக்காடு கூடிவிடுகிறது. வண்டி மல்லாந்து விழும் கோணமும் சுமார் 60 பாகையிலிருந்து 63 பாகையைத் தாண்டிச் செல்கிறது. கிராலர்களில் எடையை முன்சக்கரங்களில் மிகுதியாகவும் பின்சக்கரங்களில் மிகக் குறைவாகவோ அடியோடு இல்லாமலோ வைப்பதற்கும், வண்டியின் எடை முன்னும் பின்னும் சுமார் 60-க்கு 40 என்ற விகிதத்தில் அமைய வேண்டும் என்று பலர் கருதுவதற்கும் இதுவே காரணம்.

மின்கலத்தை வண்டியின் பின்புறத்திலிருந்து முன்புறத்துக்கு மாற்றுவதும் இதே திசையில் உதவும். 200 கிராம் மின்கலத்தை 120 மில்லிமீட்டர் முன்னே நகர்த்தினால் மல்லாந்து விழும் கோணம் ஏறக்குறைய ஒன்றரைப் பாகை உயர்கிறது. இதற்குச் செலவு ஏதுமில்லை.

எடையை முன்பக்கச் சட்டகத்தின்மேல் வைக்காமல் சக்கரத்துக்குள்ளேயே வைப்பதற்கு உயரத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. வண்டியின் எடையில் ஒரு பகுதி ஸ்பிரிங்குகளின்மேல் தாங்கப்படுகிறது: சட்டகம், உடல், மின்கலம் ஆகியவை இந்த வகை. மற்றொரு பகுதியான சக்கரமும் டயரும் அச்சும் ஸ்பிரிங்குக்குக் கீழே இருந்து நேராகத் தரையில் அமர்கின்றன. மேலே வைத்த எடை ஸ்பிரிங்கை அமுக்குகிறது. சரிவில் வண்டி சாயும்போது அந்த எடையும் சேர்ந்து தாழ்வான பக்கத்துக்குச் சாய்ந்து, ஈர்ப்பு மையத்தையே ஆபத்தான பக்கத்துக்கு நகர்த்துகிறது. சக்கரத்தில் வைத்த எடை ஸ்பிரிங்கைத் தொடுவதே இல்லை. மேலும், ஒரு சக்கரம் பாறைமேல் ஏறி மறுசக்கரம் பள்ளத்தில் தொங்கும் நிலையில், தொங்கும் சக்கரம் தன் சொந்த எடையால் கீழே இறங்கிப் பள்ளத்தின் அடியைத் தேடிப் பற்றுகிறது. இலேசான பிளாஸ்டிக் சக்கரமாக இருந்தால் அது பாறையின் விளிம்பில் தயங்கி நிற்கும்.

இத்தகைய கிராலர்களில் தலைகாட்டும் ஒரு தொல்லைக்கும் இந்த எடை மருந்தாகிறது. மோட்டாரிலிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் நீளத் தண்டு ஒரு பக்கமாகச் சுழலும்போது, அதன் எதிர்விளைவாகச் சட்டகம் மறுபக்கமாக முறுக்கிக்கொள்கிறது. செங்குத்தான ஏற்றத்தில், மோட்டார் மிகுந்த முறுக்குவிசையைக் கொடுக்கும் தருணத்தில், இந்த முறுக்கலால் முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் எழும்பி, வண்டி பக்கவாட்டில் கவிழ்ந்துவிடுவதுண்டு. முன்சக்கரத்தில் உள்ள கனம் அவ்வாறு எழும்பவிடாமல் அதைக் கீழே பிடித்துக்கொள்கிறது.

உராய்வைப் பற்றி இங்கே ஒரு தெளிவு தேவைப்படுகிறது. பிரான்ஸைச் சேர்ந்த கியோம் அமோன்டன் 1699-இலும், சார்ல் கூலும் 1785-இலும் வகுத்த உராய்வு விதிகளின்படி, உராய்வு விசை, தொடும் பரப்புகள் ஒன்றையொன்று அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. எடையை இரட்டித்தால் பிடிமானமும் இரட்டிக்கும். ஆனால் ஏற்றத்தில் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் ஈர்ப்பும் அதே அளவு இரட்டிக்கும். ஆகவே நான்கு சக்கரங்களிலும் ஒரே அளவாக எடையைக் கூட்டுவதால் வழுக்காமல் ஏறக்கூடிய சரிவின் கோணம் மாறவே மாறாது. எடை எங்கே பகிரப்படுகிறது என்பதிலும், டயர் பாறையின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பதிலும்தான் ஆதாயம் அடங்கியிருக்கிறது. இரண்டாவது காரணம் ரப்பருக்கே உரியது. ரப்பர் இந்த எளிய விதிகளுக்கு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை. பாறையின் நுண்ணிய பிளவுகளுக்குள் அமுங்கி, அவற்றைக் கவ்விக்கொண்டு பற்றுகிறது. உள்ளிருக்கும் ஸ்பாஞ்சு கல்லாக விறைத்திருந்தால் எவ்வளவு ஈயம் ஏற்றினாலும் டயர் அமுங்காது. மென்மையான ஸ்பாஞ்சும் மென்மையான ரப்பரும் அமைந்த பிறகே எடை தன் முழுப் பயனைத் தருகிறது.

சிறிய வண்டிக்கு இந்தத் தேவை ஏன் அதிகம் என்பதைக் கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய பரப்பு, கன அளவுத் தொடர்பு தெளிவாக்குகிறது. ஒரு பொருளை எல்லாத் திசைகளிலும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் அதன் பரப்பு நூறில் ஒரு பங்காகவும் கன அளவும் எடையும் ஆயிரத்தில் ஒரு பங்காகவும் குறைகின்றன. 2,000 கிலோ ஜீப்பின் பத்தில் ஒரு பங்கு உருவம் 2 கிலோதான் இருக்க வேண்டும். அதன் டயர் தரையைத் தொடும் பரப்போ நூறில் ஒரு பங்கு. எனவே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் விழும் அழுத்தம் நிஜ ஜீப்பில் உள்ளதில் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. நிஜ ஜீப்பின் டயரைப் பாறையோடு இழைய வைக்கும் அழுத்தம் சிறு வண்டிக்குக் கிடைப்பதில்லை. அதனால்தான் இதன் ரப்பர் மிக மென்மையாகவும், சக்கரம் உருவத்துக்கு மீறிக் கனமாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. உருவம் இன்னும் சிறுத்து இருபத்துநான்கில் ஒரு பங்காகும்போது இதே கணக்கில் வண்டியின் எடை 150 கிராமுக்கும் கீழே போய்விடும். உள்ளங்கையில் அடங்கும் அத்தகைய வண்டிகளுக்குப் பித்தளை உறுப்புகள் மிகுதியாக விற்பனையாவதில் வியப்பில்லை.

காலமும் உருவத்தோடு சேர்ந்து சுருங்குகிறது. ஒரு பொருள் கவிழ எடுத்துக்கொள்ளும் நேரம் அதன் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது; ஆகையால் பத்தில் ஒரு பங்கு வண்டி, நிஜ வண்டியைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான விரைவில் கவிழ்ந்துவிடுகிறது. தொலைவில் நின்று இயக்குபவர் அதைக் கண்டு கையை அசைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வண்டி தானாகவே நிலைத்து நிற்கும்படி எடையை அமைப்பது, அவரது கைத்திறனால் ஈடுகட்ட முடியாத அந்த நொடிப்பொழுதுக்கான முன்னேற்பாடு.

இனி, பந்தய வண்டியில் ஏன் இதைச் செய்யக் கூடாது என்பதைப் பார்க்கலாம். சக்கரத்தில் உள்ள எடை வண்டியோடு முன்னே நகர்வதோடு நிற்காமல், அச்சைச் சுற்றிச் சுழலவும் வேண்டும். சுழற்சியைத் தொடங்குவதற்கும் நிறுத்துவதற்கும் அது காட்டும் எதிர்ப்பை இயற்பியலில் நிலைமத் திருப்புத்திறன் என்பர். எடை அச்சிலிருந்து விலகியிருக்கும் தூரத்தின் இருமடிக்கு ஏற்ப அது கூடுகிறது. 60 மில்லிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில், ரிம்மைச் சுற்றி 24 மில்லிமீட்டர் தூரத்தில் 100 கிராம் ஒட்டப்பட்டால், வேகம் எடுக்கும்போது அது 116 கிராம் போல நடந்துகொள்ளும். அதே 100 கிராம் டயரின் உட்பரப்பில், 55 மில்லிமீட்டர் தூரத்தில் ஒட்டப்பட்டால் 184 கிராம் போல நடந்துகொள்ளும். நடைவேகத்துக்கும் குறைவாக ஊரும் கிராலருக்கு இந்த வேறுபாடு பொருட்டில்லை. நொடிக்கு நொடி வேகம் கூட்டியும் குறைத்தும் ஓடும் பந்தய வண்டிக்கு இது தோல்விக்கே காரணமாகலாம். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் கனமான சக்கரம் ஒவ்வொரு மேட்டிலும் எகிறித் தரையை விட்டுப் பிரிவதும் அங்கே பெரும் குறை. துள்ளிப் பறக்கும் பக்கி வகை வண்டிகளில் மட்டும் சுழலும் சக்கரத்தின் எடைக்கு ஒரு பயன் உண்டு: வண்டி அந்தரத்தில் இருக்கும்போது வேகத்தைக் கூட்டினால் சக்கரத்தின் சுழற்சி கூடி, அதன் எதிர்விளைவாக வண்டியின் மூக்கு மேலெழும்புகிறது; பிரேக் பிடித்தால் மூக்கு தாழ்கிறது. தேர்ந்த ஓட்டுநர்கள் இதைக் கொண்டே வண்டியைச் சமநிலையில் தரையிறக்குகின்றனர்.

தாழ்வான எடையும் வேண்டும், சுழலும் சுமையும் கூடாது என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. முன்சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமாக அச்சின் முனையில் இருக்கும் நக்கிள் என்ற உறுப்பைப் பித்தளையில் செய்து பூட்டலாம். டி.ஆர்.எக்ஸ்-4 போன்ற வண்டிகளில் அச்சின் முனையில் கூடுதல் பல்சக்கரங்கள் கொண்ட பெட்டி ஒன்று இருக்கிறது; அதன் மூடியைப் பித்தளையில் மாற்றலாம். இவை சக்கரத்தின் உயரத்திலேயே, ஸ்பிரிங்குக்குக் கீழேயே இருந்தாலும் சுழல்வதில்லை. இதற்கு மறுகோடியில், டயருக்குள் சிறு எஃகுக் குண்டுகளை ஒட்டாமல் உதிரியாகப் போட்டுவிடும் பழக்கமும் உண்டு. சக்கரம் மெதுவாகச் சுழலும்வரை குண்டுகள் எப்போதும் அடியிலேயே உருண்டு கிடப்பதால், எடை சக்கரத்தின் நடு உயரத்தில் செயல்படாமல் தரையை ஒட்டியே செயல்படுகிறது. கோட்பாட்டளவில் இதுவே சிறந்த ஏற்பாடு. குண்டுகள் எழுப்பும் ஓசையையும், ஸ்பாஞ்சுக்கு இடமில்லாமல் போவதையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மனிதர் அமர்ந்து ஓட்டும் பெரிய வண்டிகளிலும் இந்த உத்தி உண்டு. அமெரிக்காவில் நடக்கும் பாறையேற்றப் போட்டிகளுக்கான வண்டிகளின் முன்டயர்களில் தண்ணீரை நிரப்புவது அறிந்த வழக்கம். உழவு டிராக்டர்களின் பின்டயர்களிலும், வால்வு வழியாக முக்கால் பங்கு வரை தண்ணீர் நிரப்பிப் பிடிமானம் கூட்டப்படுகிறது. தமிழ்நாட்டு வயல்களில் நிற்கும் டிராக்டரின் முன்முகப்பில் அடுக்கிய வார்ப்பிரும்புக் கட்டிகளையும், பின்சக்கரத்தின் நடுவில் திருகிய வார்ப்பிரும்பு வளையங்களையும் பார்த்திருப்பவர்களுக்கு இந்தக் கொள்கை புதிதாக இருக்காது. பின்னால் கலப்பை இழுக்கும்போது முன்சக்கரம் தூக்கிக்கொள்ளாமல் இருக்க முன்முகப்புக் கட்டிகள். வழுக்காமல் இழுக்கப் பின்சக்கர வளையங்கள்.

சக்கரத்தில் ஏற்றும் ஒவ்வொரு கிராமுக்கும் வண்டியின் வேறோர் உறுப்பு விலை கொடுக்கிறது. முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோ முதலில் திணறும். அதன் முறுக்குவிசையைக் கிலோ-சென்டிமீட்டர் என்ற அலகில் குறிப்பர். 20 கிலோ-சென்டிமீட்டர் என்றால், 1 சென்டிமீட்டர் நீளக் கையின் நுனியில் 20 கிலோ எடையை அது தாங்கும் என்று பொருள். வண்டியோடு வரும் சாதாரண சர்வோ, இரு பாறைகளுக்கிடையே சிக்கிய கனத்த டயரைத் திருப்ப முடியாமல் சூடேறி எரிந்துபோகக்கூடும். அடுத்து, அச்சின் முனையில் உள்ள மூட்டுத் தண்டுகளும் பல்சக்கரங்களும் அடிவாங்கும். அந்தரத்தில் வேகமாகச் சுழன்றுகொண்டிருந்த கனமான சக்கரம் திடீரென்று பாறையில் பற்றி நிற்கும்போது அதன் சுழற்சி ஆற்றல் முழுவதும் அவற்றின்மேல்தான் பாய்கிறது. மோட்டார் அதிக மின்சாரத்தை இழுப்பதால் மின்கலமும் விரைவில் தீரும். இறக்கத்தில் வேறொரு சங்கடம் காத்திருக்கிறது: மேலே கணக்கிட்ட வண்டியில் முன்சக்கரங்களில் 300 கிராம் ஏற்றிய பின், அது தலைகுப்புற விழும் கோணம் ஏறக்குறைய 60 பாகையிலிருந்து 58 பாகையாகக் குறைந்துவிடுகிறது. ஏற்றத்தில் பெற்றதில் ஒரு பங்கை இறக்கத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே எவ்வளவு ஏற்றுவது என்பதற்குப் பொதுவான எண் ஏதும் இல்லை. அளந்து பார்ப்பதே வழி. சமையலறைத் தராசின்மேல் முன்சக்கரங்களை வைத்து, பின்சக்கரங்களுக்கு அதே உயரத்தில் ஒரு கட்டை கொடுத்து, முன் அச்சின் எடையைக் குறித்துக்கொள்ளலாம். பிறகு இடம் மாற்றி அளந்தால் பின் அச்சின் எடையும் தெரிந்துவிடும். ஒரு மரப்பலகையில் சொரசொரப்பான உப்புத்தாளை ஒட்டி, அதைச் சிறிது சிறிதாக உயர்த்தி, எந்தக் கோணத்தில் வண்டி வழுக்குகிறது, எந்தக் கோணத்தில் கவிழ்கிறது என்று பார்க்கலாம். கோணத்தைக் கைப்பேசியே காட்டிவிடும். மேலிருக்கும் எடையைக் குறைத்து, மின்கலத்தை முன்னே நகர்த்தி, மென்மையான ஸ்பாஞ்சைப் போட்டுப் பார்த்த பிறகும் முன்சக்கரம் எழும்புமானால், முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் 30 அல்லது 40 கிராம் வீதம் கூட்டிக்கொண்டே வந்து, பலகையில் முன்னேற்றம் நின்ற இடத்தில் நிறுத்திவிடுவது அறிவுடைமை.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரே ஒரு செய்தியை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஈயம் நச்சுப் பொருள். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வளரும் குழந்தைகளின் மூளையையும் நரம்புகளையும் அது தாக்குகிறது. கார்ச் சக்கரங்களில் ஈயக் கட்டிகளைப் பொருத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2005-இலேயே தடை செய்துவிட்டது. கலிபோர்னியா 2010-இல் தடை செய்தது. அங்கே எஃகுக் கட்டிகளும் துத்தநாகக் கட்டிகளும் அதன் இடத்தைப் பிடித்துள்ளன. ஒட்டுக் கட்டிகள் வாங்குவோர் அவை எஃகாலானவையா என்று கடையில் கேட்டு வாங்குவது நல்லது. காந்தத்தை வைத்தால் ஒட்டுவது எஃகு, ஒட்டாதது ஈயமாகவோ துத்தநாகமாகவோ இருக்கும். ஈயத்தைத்தான் பயன்படுத்துவது என்று ஒருவர் முடிவு செய்தால், அதை வீட்டுக்குள் உருக்கவோ அரத்தால் ராவவோ கூடாது. வெட்டிய விளிம்புகளை டேப்பால் முழுவதும் மூடிவிட வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே உணவைத் தொட வேண்டும். சிறுவர்கள் கையாளும் வண்டியில் ஈயத்தை ஏற்றவே வேண்டாம். அந்த 300 கிராமுக்கு எஃகோ பித்தளையோ போதும்.